மறு: ஃபைல் கார்விங் – செதுக்கலா, சலித்தெடுப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் கோப்பு மீட்புக் கருவியின் சொற்களைப் பற்றிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரெஸ்டோர், அன்டெலீட், ரெக்கவரி, கார்விங் நான்குக்கும் "மீட்டெடுப்பு" என்றே போட்டுவிடலாம் என்கிறது ஒரு கட்சி. கார்விங்குக்கு (பட்டியல் ஏதும் இல்லாமல் வட்டைத் துழாவிக் கோப்புகளைப் பிரித்தெடுப்பதற்கு) மட்டும் "செதுக்கல்" என்று வைக்கலாம் என்கிறது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொண்டிருந்தேன். ஒரு திரையில் "முழு வட்டையும் பயன்படுத்து" என்று இருந்தது. வட்டில் காலியாக உள்ள இடம் முழுவதையும் என்று நானாகப் பொருள் கொண்டு அழுத்திவிட்டேன். என் கோப்புகள் இருந்த பிரிவே (பார்ட்டிஷன்) போய்விட்டது. பதற்றத்தில் ஒரு மீட்புக் கருவியை இறக்கினேன், அதுவும் அதே வட்டில். இது இரண்டாவது தப்பு. புதிதாக எழுதும் ஒவ்வொரு பைட்டும் ஏதாவது ஒரு பழைய கோப்பின் தலையில்தான் உட்காரும். சரி, கருவியைத் திறந்தால் "கோப்புகளை மீட்டெடு" என்று ஒரு பொத்தான். இரவெல்லாம் ஓடியது. காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஒரு எழுத்து, அதன் பின்னால் நீளமாக ஒரு எண், அவ்வளவுதான். எந்த அடைவில் இருந்தது என்ற தடயமும் இல்லை. உலாவி சேர்த்து வைத்திருந்த பொடிப்பொடிப் படங்களுக்கு நடுவே என் படங்களும் கலந்து கிடந்தன. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. பொத்தானில் இருந்த சொல்தான் அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டது.

> பயனருக்கு எல்லாம் ஒன்றுதான். கோப்பு வந்தால் போதும்.

வருவது எந்த நிலையில் வருகிறது என்பதில்தான் வேறுபாடே இருக்கிறது. காப்புநகல் இருந்தால் கவலையே இல்லை, எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறோம். விண்டோஸை வட்டை ஃபார்மட் செய்யாமல் மறுபடி நிறுவியவர்களுக்குப் பழைய கோப்புகள் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறையில் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு, அதுவும் நகலெடுக்கும் வேலைதான். (ரொம்ப நாள் விட்டுவைக்கக் கூடாது, விண்டோஸே அதைக் காலி செய்துவிடும்.) இதற்கெல்லாம் "திரும்ப வை" என்ற எளிய சொல்லே போதும். "மீட்டமை" வேண்டாம். பல இடைமுகங்களில் அது ரீசெட்டுக்குப் போய்விட்டது. காப்புநகலைத் தேடி வந்தவர் அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அன்டெலீட். எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில், 1991இல், இதே பெயரில் ஒரு கட்டளை வந்தது. ஃபாட் கோப்பு முறைமையில் (டாஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்த முறை) ஒரு கோப்பை நீக்கினால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும், அது பிடித்திருந்த இடம் காலி என்று பதிவாகும். உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் அந்தக் கட்டளை "முதல் எழுத்து என்ன?" என்று நம்மிடமே கேட்கும். மற்ற எழுத்துகள் அதற்குத் தெரியும். பதிவேடு மிச்சமிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கோப்பைத் தேடிப் போகிறோம். பெயரும் இடமும் சேர்ந்து திரும்புகிற இந்த வேலைக்கு "மீட்பு" என்ற சொல் பொருந்தும். வட்டில் எந்தப் பிரிவு எங்கே என்று சொல்லும் பிரிவு அட்டவணை மட்டும் கெட்டிருந்தாலும் இதே கதைதான். பழைய எம்பிஆர் முறையில் அந்த அட்டவணை மொத்தமே 64 பைட்டு, நான்கு பிரிவுகளுக்கு ஆளுக்கு 16. அதைச் சரியாகத் திரும்ப எழுதிவிட்டால், அந்தப் பிரிவுகளுக்குள் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை, எல்லாம் பெயரோடு வந்துவிடும். டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான்.

கார்விங் இப்படி அல்ல. அங்கே பதிவேடு கிடையாது, அல்லது கருவி அதை நம்புவதில்லை. வட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பைட்டு பைட்டாகப் படித்துக்கொண்டே போகும். எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று மூன்று பைட்டுகள் வந்தால் "இங்கே ஒரு ஜேபெக் படம் தொடங்குகிறது" என்று பிடித்துக்கொள்ளும். சதவீதக் குறியை அடுத்து பிடிஎஃப் என்று வந்தால் அந்த வகை. பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் ஜிப் பொதி (அந்த வடிவத்தை உண்டாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை). டாக்எக்ஸ், ஓடிடி ஆவணங்களும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அவற்றுக்கும் அதே தொடக்கம். ஒரு கோப்பு வட்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் முதல் துண்டோடு நின்றுவிடலாம், அல்லது வேறொன்றின் துண்டு ஒட்டிக்கொண்டு வரலாம். வெறும் உரைக் கோப்புக்கு இப்படிப்பட்ட தொடக்கக் குறியே கிடையாது. என் குறிப்புகள் பாதியும் முக்காலுமாக வந்ததற்கு அதுதான் காரணம்.

> செதுக்கல் நேரடிச் சொல், தேடுகிறவருக்கும் எளிது.

செதுக்குகிறவர் கல்லுக்குள் இல்லாத உருவத்தைத் தன் கையால் உண்டாக்குகிறார். இந்தக் கருவி எதையும் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே கிடப்பதை அடையாளம் கண்டு பிரிக்கிறது. "அகழ்வு" என்று ஒருவர் சொன்னது எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் தரவகழ்வு என்ற சொல் தரவுகளில் போக்குகளைத் தேடும் துறைக்குப் போய்விட்டது. "அரித்தெடுப்பு" இன்னும் அழகு, மணலை அரித்துப் பொன் எடுப்பது போல. ஆனால் திரையில் "அரிப்பு தொடங்கியது" என்று வந்தால் படிக்கிறவர் உடம்பைச் சொறிவார்.

அதனால் என் பரிந்துரை "சலித்தெடு", "சலித்தெடுப்பு". சலித்தால் எல்லாம் வராது என்று சொல்லிலேயே இருக்கிறது. கல்லும் சேர்ந்து வரும், நல்லதும் கொஞ்சம் தங்கிவிடும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். எந்தெந்தக் கோப்பு வகைகளைத் தேட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திரைக்கும் "சல்லடை" என்றே பெயர் வைத்துவிடலாம். தொடக்க பைட்டுகளைக் "கையொப்பம்" என்று எழுத வேண்டாம், அது மின்கையொப்பத்தோடு குழப்பும். "தொடக்கக் குறி" போதும். சலிப்பு என்றால் அலுப்பும் ஆகுமே என்று யாராவது கேட்பீர்கள். பெரிய வட்டு ஒன்றில் இது ஓடி முடியும் வரை காத்திருந்து பாருங்கள், அந்தப் பொருளும் பொருந்தும்.

இன்னொன்று, இதை யாரும் எடுக்கவில்லை. டெலீட்டுக்கு நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் பாதி இடத்தில் "நீக்கு", மீதியில் "அழி" என்று இருக்கிறது. சுழலும் வன்தட்டில் டெலீட் செய்வது நீக்கம் மட்டுமே, உள்ளடக்கம் அங்கேயேதான் கிடக்கிறது. அதன்மேல் வேறொன்றை எழுதினால்தான் அழிகிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. டிரிம் கட்டளை இயங்கினால் காலியான இடங்கள் எவை என்று வட்டுக்கே தெரிந்துவிடும், அதன் பிறகு அங்கே படித்தால் பொதுவாகச் சுழியங்கள்தான் கிடைக்கும். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைப் பிரிவில் அமைக்கும் கருவி, வட்டு அனுமதித்தால், அந்தப் பகுதி முழுவதையுமே இப்படி விடுவித்துவிடும். எஸ்எஸ்டியில் மறுபடி நிறுவியவருக்குச் சலிக்க மணலே மிஞ்சாமல் போகலாம். அங்கே "அழிந்தது" என்று எழுதுவது நியாயம். மற்ற இடங்களில் "அழி" என்று பார்த்தவர், போனது போனதுதான் என்று நினைத்து அதே வட்டில் வேலையைத் தொடர்ந்துவிடுவார்.

ஆகவே சரங்களை (திரையில் வரும் வரிகளை) இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். காப்புநகல் திரையில் "காப்பிலிருந்து திரும்ப வை". பதிவேடு கிடைத்த இடத்தில் "நீக்கிய கோப்புகளை மீட்டுக்கொடு". மூன்றாவது பொத்தானில் "வட்டைச் சலித்தெடு", அதன் கீழே சின்ன எழுத்தில் "கோப்புகளின் பெயரும் இடமும் திரும்பாது. கிடைப்பதை வேறு வட்டில் சேமிக்கவும்". இந்த இரண்டாவது வரி மூலத்தில் இல்லை, நானே சேர்த்தேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

"பிரிவு"க்குப் பதில் "பகிர்வு" என்று மாற்றச் சொன்னவருக்கு: அதே திரையில் ஷேர் பொத்தானும் "பகிர்" என்றுதான் இருக்கிறது. மாற்றவில்லை.