டயலாக் பெட்டி லைப்ரரிகள்: உங்களைப் படுத்தி எடுத்த ஒரு சம்பவம்

நடுநிசி_டிப்ளாய்:
ஸ்வீட்அலர்ட்2, அதாவது வெப் பக்கத்தில் அழகான டயலாக் பெட்டி காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதில் வரும்வரை அப்படியே காத்திருக்கும் பிரவுசரின் பழைய கன்ஃபர்ம் பெட்டி அசிங்கமாக இருக்கிறதென்று, எனக்கு முன்னால் அந்த ப்ராஜெக்டில் இருந்தவர் இஃப் நிபந்தனையின் அடைப்புக்குள் இருந்த கன்ஃபர்மைத் தூக்கிவிட்டு ஸ்வீட்அலர்ட் பெட்டியைத் திறக்கும் ஸ்வால்.ஃபயர் என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். டெமோவில் கிளையன்ட் ஒரு பில்லை நீக்கப் போகிறார், "நிச்சயமாக நீக்கவா?" என்று பெட்டி துள்ளிக்கொண்டு வந்து நிற்கிறது, பின்னால் மங்கலாகத் தெரியும் பட்டியலில் அந்த பில் அதற்குள் காணோம். அவர் நிதானமாக "வேண்டாம்" என்பதை அழுத்தினார்! ஸ்வால்.ஃபயரிலிருந்து ப்ராமிஸ் (பதில் பிறகு வரும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட்) திரும்பி வந்தால் இஃபுக்கு அது எப்போதும் ட்ரூதானே, எதற்குக் காத்திருக்கும்?

சிஎஸ்எஸ்_அகதி:
பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் ஒரு அவெய்ட் போட்டால் தீர்ந்தது, இதற்குப் போய் லைப்ரரியை ஏன் திட்ட வேண்டும். என் கதை, பூட்ஸ்ட்ராப் லைப்ரரியின் டயலாக் பெட்டியான மோடலுக்குள், தேடும் வசதியோடு டிராப்டவுன் தரும் செலக்ட்2. பட்டியல் திறக்கிறது, தேடும் கட்டத்தில் ஒரு எழுத்துகூட விழவில்லை. கீபோர்டையே மாற்றிப் பார்த்தார் டெஸ்டர், பாவம். மோடல் ஃபோகஸை வெளியே விடாது, செலக்ட்2வோ தன் பட்டியலை மோடலுக்கு வெளியே, பக்கத்தின் பாடியில் கொண்டுபோய் ஒட்டுகிறது. பட்டியலை எங்கே ஒட்டுவது என்று சொல்லும் டிராப்டவுன்பேரன்டில் மோடலைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

வெறும்_ஜேஎஸ்:
மேலே சொன்ன அவெய்ட் மட்டும் போதாது. வருவது ஒரு ஆப்ஜெக்ட், "வேண்டாம்" அழுத்தினாலும் அது ட்ரூதான், அதற்குள் "சரி" அழுத்தப்பட்டதா என்று சொல்லும் இஸ்கன்ஃபர்ம்டைப் பார்க்காவிட்டால் பில் மறுபடியும் போகும். எனக்குப் பெரிய கதை இல்லை, ஜேக்வெரி யுஐ என்ற இன்னொரு லைப்ரரியின் டயலாக்கில் மூடும் பட்டனின் ஐகான் பூட்ஸ்ட்ராப்போடு சேர்ந்ததும் காணாமல் போனது, அவ்வளவுதான். ஆனால் இன்னும் ஏன் லைப்ரரி? எச்டிஎம்எல்லிலேயே இருக்கும் டயலாக் எலிமென்ட் குரோமில் 2014லேயே வந்தாயிற்று, ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில் சேர்ந்துவிட்டன. அதைத் திறக்க ஷோமோடல் கூப்பிட்டால் எஸ்கேப் கீ வேலை செய்யும், பின்னால் இருக்கும் பக்கத்தைத் தொட முடியாது, எது மேலே என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸில் 9999 போடும் கூத்தும் கிடையாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து இதையே எடுங்கள்.

நடுநிசி_டிப்ளாய்:
அதையும் செய்தோமே. ஷோமோடல் திறந்திருக்கும்போது உள்ளேயிருந்து ஸ்வீட்அலர்ட் கூப்பிட்டால் அது டயலாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஷோமோடல் டயலாக்கை வைப்பது எல்லாவற்றுக்கும் மேலான டாப் லேயரில், அதற்கு முன்னால் எந்த இசட்-இண்டெக்ஸும் செல்லாது, பெட்டியை எதற்குள் வைப்பது என்று சொல்லும் ஸ்வீட்அலர்ட்டின் டார்கெட்டில் அந்த டயலாக்கையே கொடுத்த பிறகுதான் மேலே வந்தது. கிளையன்டுக்குத் துள்ளும் பெட்டிதான் வேண்டுமாம்.