கேதுரு மரம்: நீதிமானுக்கு உவமையா, அகந்தைக்கு அடையாளமா?

கேள்வி
சங்கீதம் 92:12 நீதிமானைக் கேதுருவுக்கு ஒப்பிடுகிறது. சங்கீதம் 29:5-இல் கர்த்தரின் சத்தம் அதே கேதுருவை முறிக்கிறது. ஏசாயா 2:13-இல் அது அகந்தைக்கு அடையாளம். லேவியராகமம் 14-இல் குஷ்டரோகியின் சுத்திகரிப்புக்கும் அதன் கட்டைதான். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பொருள் உண்டா? தேவதாரியும் இதே மரம்தானா?

பதில் 1
தேவதாரி வேறு. எபிரெயத்தில் ‘ஏரெஸ்’ என்றால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கேதுரு. ‘பெரோஷ்’ என்றால் தேவதாரி. 1 இராஜாக்கள் 5:8-இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், இமயமலைத் தேவதாருதான் தாவரவியல்படி கேதுருவின் நெருங்கிய உறவு. பெரோஷை சைப்ரஸ் அல்லது ஜூனிபர் வகை என்பார்கள். பெயரை நம்பினால் மரம் மாறிவிடும்.

ஏரெஸையும் எல்லா இடத்திலும் லீபனோன் கேதுரு என்று எடுக்க முடியாது. அது குளிர்ந்த மலைச்சரிவில் வளர்வது, சீனாய் வனாந்தரத்தில் கிடைக்காது. லேவியராகமம் 14-இன் சடங்குக்கு அங்கே எடுத்த கட்டை ஜூனிபராக இருக்கலாம் என்று பலர் கருதுவது அதனால்தான்.

பதில் 2
பொதுப்பொருள் உயரம்தான். அது புகழா பழியா என்பதை அடுத்த வசனம் சொல்லிவிடும். சங்கீதம் 92:13-இல் மரம் கர்த்தருடைய ஆலயத்தில் நாட்டப்பட்டிருக்கிறது. எசேக்கியேல் 31-இல் அசீரியா என்னும் கேதுரு தன் வளர்த்தியைக் கண்டு மனமேட்டிமை கொள்கிறது, வெட்டுப்படுகிறது. ஏசாயா 2-இல் கேதுருவோடு மலை, கோபுரம், மதில், தர்ஷீசின் கப்பல் எல்லாம் ஒரே பட்டியல். மரத்தின்மேல் தனிக்கோபம் இல்லை.

கூர்மையான இடம் என்று நான் சொல்வது எரேமியா 22:14-15. யூதாவின் ராஜா யோயாக்கீம் தன் அரண்மனைக்குக் கேதுருப் பலகை அடிக்கிறான். கேதுருவில் போட்டி போட்டால் ராஜாவாகிவிடுவாயா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். சாலொமோன் ஆலயத்தின் உட்சுவரில் கல்லே தெரியாதபடி அடித்ததும் (1 இராஜாக்கள் 6:18) அதே மரம்தான்.

பதில் 3
லேவியராகமம் 14-இல் கேதுருவைத் தனியாகப் பிரித்துப் பொருள் சொல்வதுதான் வழக்கமான தவறு. சிவப்புநூல், ஈசோப்பு என்னும் சிறுசெடி, உயிருள்ள குருவி இவற்றோடு சேர்த்து அதையும், ஊற்றுநீரின்மேல் கொல்லப்பட்ட குருவியின் இரத்தத்தில் தோய்க்கிறார்கள், ஏழுதரம் தெளிக்கிறார்கள். சாலொமோன் மரங்களைப் பற்றிப் பேசியபோது ஒரு முனை லீபனோன் கேதுரு, மறுமுனை சுவரில் முளைக்கும் ஈசோப்பு (1 இராஜாக்கள் 4:33). அந்த இரண்டும் இங்கே ஒரே கையில். அகந்தையால் வந்த நோய்க்குத் தாழ்மையே மருந்து என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி இதை விளக்குகிறார்.

கட்டையின் அளவு மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது (நெகாயீம் 14:6): நீளம் ஒரு முழம், தடிமன் கட்டில் காலை நான்காகப் பிளந்ததில் ஒரு பங்கு. எண்ணாகமம் 19:6-இல் கேதுரு, ஈசோப்பு, சிவப்புநூல் மூன்றும் கிடாரி எரியும் நெருப்பில் போடப்படுகின்றன. லேவியராகமம் 14-இல் இவற்றை எரிப்பது இல்லை. இரண்டு சடங்குகளையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.