கேஜிஎஃப் பழைய லைன் பக்கம் மெட்டல் டிடெக்டர் வச்சுத் தேடலாமா? தாத்தாவோட டோக்கனுக்காக கேக்கறேன்

அயனாவரம்_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா குடியாத்தம் பக்கத்துல இருந்து சின்ன வயசுலயே கோலார் தங்கவயலுக்குப் போனவரு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல முப்பது வருஷம் இறங்கி ஏறினவரு. நம்பர் அடிச்ச பித்தளை டோக்கன் ஒன்னு அவருகிட்ட இருந்துச்சாம், ஒரு மழைநாள்ல, சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில விழுந்து தொலைஞ்சு போச்சு, பாட்டி கடைசி வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தாங்க. தாத்தாவோட போட்டோ கூட எங்க வீட்ல ஒன்னும் இல்ல, அதனால அந்த டோக்கன் கிடைச்சா எனக்கு அதுதான் தாத்தா.

போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு விஎல்எஃப் (குறைஞ்ச அதிர்வெண்ல வேலை செய்யற) மெட்டல் டிடெக்டர் வாங்கினேன், பெசன்ட் நகர் பீச்ல நாலு ஞாயிறு பழகினேன், சோடா மூடியும் அஞ்சு ரூபா காசும் நல்லாவே எடுத்துக் கொடுத்துச்சு. ஆனா தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில மாமா வீட்டு முற்றத்துல போட்டுப் பார்த்தா மெஷின் நிறுத்தாம கத்துது, எது இரும்பு எது பித்தளைன்னே தெரியல. அது ஏன்? அப்புறம் மூடின ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள்ள இறங்கற செங்குத்துக் குழி), சயனைடு மேடு பக்கமெல்லாம் போய்த் தேடலாமா? போனவங்க இருந்தா சொல்லுங்க.

மாரிகுப்பம்_பாசஞ்சர்:
தம்பி, நான் சாம்பியன் ரீஃப்ல பொறந்து வளர்ந்தவன், இப்ப ஆவடி. 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு சுரங்கத்தை மூடினாங்க, அன்னிக்கு எங்க தெருவுல யார் வீட்லயும் அடுப்பு எரியல. அதனால உன் கேள்விய படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, டோக்கனைத் தேடு, கண்டிப்பா தேடு, ஆனா ஷாஃப்ட் பக்கம் மட்டும் போகாத. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், பம்ப்பை நிறுத்தினதுல இருந்து உள்ள தண்ணி நிக்குது, மேல பழைய குழிங்க எங்க இருக்குன்னு புதருக்குள்ள தெரியாது, கால் வச்சா மண்ணு உள்வாங்கும். நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போதே அந்தப் பக்கம் ஆடு ஓட்டிட்டுப் போனா அம்மா விளக்குமாத்தை எடுத்துடுவாங்க.

சயனைடு மேடும் வேணாம். தங்கம் பிரிச்செடுத்துட்டு கொட்டின கழிவு அது, மாவு மாதிரி நைசா இருக்கும், காத்தடிச்சா மூக்குக்குள்ள போகும். அங்க தோண்டினா கிடைக்கப்போறது தூசி மட்டும்தான், உன் தாத்தா டோக்கனை அங்க கொண்டுபோய்த் தொலைக்கல.

முக்கியமான ஒன்னு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வெடி வைக்கிற டெட்டனேட்டர், நாங்க கேப்புன்னு சொல்வோம், சுண்டுவிரலை விட மெல்லிசா சின்னக் குழாய் மாதிரி இருக்கும், செம்பு இல்லன்னா அலுமினியம். உன் மெஷினுக்கு அதுவும் காசும் ஒரே மாதிரிதான் கேக்கும். சுரங்கம் இருந்த எந்த ஊர்லயும் இது மண்ணுல கிடக்கலாம், பழசானாலும் வெடிக்கும். அந்த மாதிரி குழாய் கண்ணுல பட்டா கையால தொடாத, மண்வெட்டி தட்டாத, இடத்தை அடையாளம் வச்சுட்டு எழுந்து வந்து போலீசுக்கு சொல்லு.

ரேடியோ_மெக்கானிக்_பெரம்பூர்:
கத்துறதுக்கு காரணம் மெஷின் கெட்டுப்போனது இல்ல ப்ரோ, மண்ணு. அந்த ஊர் மண்ணுல இரும்புத் தாது அதிகம், பீச்ல சரி பண்ணின செட்டிங்கை அப்படியே அங்க கொண்டுபோனா மண்ணையே மெட்டல்னு நெனச்சுக்கும். மெஷினோட அடியில இருக்கிற வட்டமான காயிலைத் தரையில இருந்து ஒரு அடி தூக்கி தூக்கி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணுங்க, ஏத்தும்போதும் இறக்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆகுற வரைக்கும். சென்சிட்டிவிட்டியை பாதியாக்குங்க, எதையாவது விட்டுடுவோமோன்னு பயந்து எல்லாரும் முழுசா வச்சிருப்பாங்க, அதுதான் தப்பு. மேல கரண்ட் கம்பி போனாலும் கத்தும், அதை விட்டுத் தள்ளி நின்னு பாருங்க.

அடுத்தது ஆணி. லைன் வீடுங்கள்ல தட்டி, தகரம், மரச்சட்டம்னு இருந்ததெல்லாம் மக்கிப்போனாலும் ஆணி மண்ணுலயே தங்கிடும். டிஸ்க்ரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்தை ஒதுக்கற செட்டிங்கை, ஏத்தி இரும்பை மொத்தமா ஒதுக்கினீங்கன்னா ஆணிக்குப் பக்கத்துல கிடக்கிற டோக்கனையும் சேர்த்து மறைச்சுடும். அதை இறக்கி வச்சு, சின்ன காயில் மாட்டி, ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே மெதுவா, அரை அடிக்கு ஒரு வீச்சுன்னு போங்க. கரகரன்னு ஆணி சத்தத்துக்கு நடுவுல ஒரு சுத்தமான ணங்னு வரும், அதே இடத்துல தொண்ணூறு டிகிரி திரும்பி மறுபடி வீசிப் பாருங்க, ரெண்டு பக்கமும் அதே சத்தம் வந்தா தோண்டலாம். ஓட்டைக் காலணா, 1943-லிருந்து 47 வரைக்கும் அடிச்சது, அது கிடைக்க வாய்ப்பு அதிகம், அதோட சத்தமும் டோக்கன் மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க.

எழும்பூர்_வக்கீல்:
சட்டம் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் தெரியாம மாட்டிக்கிறாங்க. சுரங்க நிலம் மத்திய அரசு நிறுவனத்தோடது, அனுமதி இல்லாம உள்ள போனாலே அத்துமீறல். 1878 புதையல் சட்டப்படி மண்ணுல கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும், மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். கர்நாடகாவுக்கு 1962-ல தனிச்சட்டம் இருக்கு, அதனால அங்க கிடைக்கிறதுக்கு அதைத்தான் பாக்கணும். 1972 தொல்பொருள் சட்டத்துல 100 வருஷம் தாண்டின நாணயமும் வரும். சொந்தக் குடும்பத்துப் பொருளுன்னாலும் அந்த நிலத்துக்காரங்க எழுத்துல சம்மதம் கொடுக்கட்டும், கிடைச்சா கிடைச்ச இடத்துலயே போட்டோ எடுத்து ஆழம் குறிச்சு வைங்க. எழும்பூர் மியூசியத்துல இப்படி மண்ணுல கிடைச்ச நாணயங்களை அழகா வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க, எங்க கிடைச்சதுன்னு எழுதி வச்சிருந்தாதான் அதுக்கு மதிப்பு.

அயனாவரம்_பேரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஷாஃப்ட், மேடு ரெண்டையும் விட்டுட்டேன், கேப்பு விஷயம் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. பேலன்ஸ் பண்ணிப் பாக்கச் சொல்லி மாமா பையன்கிட்ட போன்ல சொன்னேன், கத்தறது பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சாம். அந்த லைன் வீட்ல இப்ப யாரோ குடியிருக்காங்கன்னு மட்டும் தெரியும். ஆமா, டோக்கன் தொலைஞ்சதுக்கு பாட்டி ஏன் அவ்ளோ அழுதாங்க, ஒரு பித்தளைத் தகடுதானே?

மாரிகுப்பம்_பாசஞ்சர்:
தகடு இல்ல தம்பி. சுரங்கத்துல இறங்கறவன் டோக்கனை மேல கொடுத்துட்டு விளக்கை வாங்கிட்டுப் போவான், ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துட்டு டோக்கனைத் திருப்பி வாங்குவான். ஷிஃப்ட் முடிஞ்ச பிறகும் ஒரு நம்பர் பலகையிலயே தொங்கினா அந்த ஆள் இன்னும் கீழ இருக்கான்னு அர்த்தம். பாறை வெடிச்ச அன்னிக்கெல்லாம் பொம்பளைங்க ஓடிவந்து பலகையைத்தான் பாப்பாங்க. உன் தாத்தா டோக்கனோட வீட்டுக்கு வந்தா உசுரோட வந்தாருன்னு உன் பாட்டிக்குத் தெரியும்.

எந்த லைன்னு எனக்குத் தனியா மெசேஜ் போடு, என் அத்தை இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்காங்க. காலையில சென்னையில பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி பங்காருப்பேட்டையில இறங்கு, அங்கிருந்து மாரிகுப்பம் வண்டி, நானும் வரேன். மெஷினைப் பையிலயே வச்சிரு, முதல்ல அந்த வீட்டுக்காரங்க முன்னாடி உக்காந்து உன் பாட்டி பேரைச் சொல்லு.