‘ப்ராமினன்ஸ்’: தனியுயரம் என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

கனடாவின் வாடிங்டன் மலையைப் பற்றிய கட்டுரையில் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். உயரம் 4,019 மீட்டர், அதில் சிக்கலில்லை. அடுத்து டோபோகிராஃபிக் ப்ராமினன்ஸ் (ஒரு மலை தன்னைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து எவ்வளவு தனியாக எழும்பி நிற்கிறது என்ற அளவு) 3,289 மீட்டர் என்று வருகிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘முக்கியத்துவம்’ என்கிறது. முக்கியத்துவம் 3,289 மீட்டராம்!

ப்ராமினன்ஸுக்கு ‘எடுப்பு’ என்று சொல்லலாம் என்று போன மடலில் ஒரு யோசனை வந்தது, எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் மூக்கு எடுப்பாக இருக்கிறது என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது, இந்த அளவுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவது வேறு கதை: இதே வாடிங்டனை 1925இல் வான்கூவர் தீவிலிருந்து தூரத்தில் பார்த்துவிட்டு மலையேறிகளான மண்டே தம்பதியர் வருடக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தார்கள், ‘மர்ம மலை’ என்றுதான் அப்போது அதற்குப் பெயர்.

அளவு எப்படி வருகிறது என்று பார்த்தால் சொல் தானாக வந்துவிடும். கடல்மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 730 மீட்டர் ஏறியதும், இதைவிட உயரமான எந்த மலையோடும் நிலத்தொடர்பு இல்லாமல் வாடிங்டன் ஒரு தீவின் உச்சியாகிவிடும், அந்தத் தீவின் உயரம்தான் 3,289. இவ்வளவு பெரிய எண் வரக் காரணம், இங்கிருந்து இதைவிட உயரமான மலைக்குப் போக அவ்வளவு கீழே இறங்கவேண்டியிருப்பதுதான்.

இப்போது லோட்சேயைப் பாருங்கள். 8,516 மீட்டர், உலகத்தில் நாலாவது, ஆனால் இந்தக் கணக்கில் வெறும் 610தான், ஏனென்றால் அது எவரெஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்த்திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை எல்லார் தலைக்கும் மேலேதான் தெரியும், அதற்காக அவனை நெட்டை என்போமா? தோளுக்கு மேலே இருப்பதுதான் அவன் கணக்கு. அதனால்தான் ‘தனியுயரம்’ என்கிறேன்.

ஐசொலேஷன் என்று இன்னொரு அளவு இருக்கிறதே, அதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அது தன்னைவிட உயரமான அடுத்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. வாடிங்டனுக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் வரைக்கும், 560 கிலோமீட்டருக்கு மேல். அதைத் ‘தனித்தொலைவு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும், ஒன்று உயரம், ஒன்று தொலைவு.

எனக்கு இன்னும் சொல் பிடிபடாதது, கடல் ஏறி வாடிங்டனைத் தீவாக்கும் அந்த 730 மீட்டர் இடம், அதாவது ஆங்கிலத்தில் ‘கீ கோல்’ (key col). ‘திறவுகோல் கணவாய்’ என்று தயவுசெய்து யாரும் எழுதவேண்டாம். கணவாய் என்றாலே ஆள் கடக்கும் வழி என்றுதான் தோன்றும், இங்கே வழி முக்கியமில்லை. வாடிங்டனும் அதைவிட உயரமான மலையும் கடைசியாக ஒட்டியிருக்கும் தாழ்வு என்பதால் ‘இணைதாழ்வு’ என்று யோசித்தேன், சொல்லும்போது கொஞ்சம் இடறுகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதுவரை அந்த வரியைக் காலியாக விட்டுவைக்கிறேன்.