அனலைசர்ல ஈவிஎம் 3.1%, என் ஸ்கிரிப்ட்ல 4.2%, எத நம்புறது?

கோணலலை:
16 க்வாம் (டேட்டாவ 16 புள்ளியா அனுப்பற முறை) சிக்னல அனலைசர்ல பாத்தா ஈவிஎம் (புள்ளி இருக்க வேண்டிய இடத்துல இருந்து எவ்ளோ விலகுதுங்கற பிழை) 3.1% காட்டுது, அதே ஐக்யூ டேட்டாவ (புள்ளியோட எக்ஸ், ஒய் மாதிரி ரெண்டு கூறு) சேவ் பண்ணி பைத்தான்ல நானே கணக்கு போட்டா 4.2% வருது, ரெண்டு நாளா ஃபில்டரா டைமிங்கானு நோண்டிட்டே இருக்கேன் பிடிபடல. ஃபில்டரோட ஆல்ஃபா (ரோல்-ஆஃப் அளவு) ரெண்டுலயும் 0.22 தான். இன்னொன்னு, ஆம்ப் அவுட்புட்ட 15 டிபி குறைச்சா ஈவிஎம் நல்லாகணும்ல, இங்க மோசமாகுது!

பழையஆன்டெனா:
4.2ஐ 3.1ஆல வகுத்து பாருங்க, கிட்டத்தட்ட 1.35. 16 க்வாம்ல நடுவுல இருந்து மூலைப் புள்ளியோட தூரத்த ஆர்எம்எஸ் (எல்லா புள்ளியோட சராசரி பவருக்கான) தூரத்தால வகுத்தா 1.34, அதாவது 2.55 டிபி. அனலைசர் பீக்க (மூலைப் புள்ளி தூரத்த) வச்சு நார்மலைஸ் பண்ணுது, அதாவது பிழைய அதால வகுக்குது, நீங்க ஆர்எம்எஸ் வச்சு பண்றீங்க, அவ்ளோதான் விஷயம். க்யூபிஎஸ்கேல நாலு புள்ளியும் ஒரே தூரம்ங்கறதால இந்த வித்தியாசம் தலையே காட்டாது, அதான் பல பேர் க்வாமுக்கு வந்ததும் முழிக்கறாங்க. 3ஜிபிபி (மொபைல் தரநிலை அமைப்பு) 5ஜி பேஸ் ஸ்டேஷன் லிமிட்டோட ஒப்பிடணும்னா (16 க்வாமுக்கு 12.5%, 64க்கு 8%, 256க்கு 3.5%) சராசரி பவர் தான் அளவுகோல், உங்க 4.2 தான் சரி.

சத்தக்காரன்:
பவர் குறைச்சா மோசமாகறது ஆம்ப் தப்பு இல்ல ப்ரோ, சிக்னல் இறங்கிடுச்சு ஆனா அனலைசரோட நாய்ஸ் அப்படியே இருக்கு. அனலைசரோட இன்புட் அட்டென்யுவேஷன (உள்ள வர்ற சிக்னல குறைக்கற செட்டிங்) 10 டிபி குறைச்சு பாருங்க (சிக்னல நம்பரா மாத்தற ஏடிசி ஓவர்லோட் ஆகாம), ஈவிஎம் மாறுச்சுன்னா நீங்க அளந்தது மெஷினோட நாய்ஸ தான். அப்புறம் ஸ்கிரிப்ட் பக்கத்து புள்ளிய தானே ரெஃபரன்ஸா எடுக்குது? 4 சதவீதத்துல பரவால்ல, ஆனா நாய்ஸ் ஜாஸ்தியானா தப்பான புள்ளிக்கு பக்கத்துல விழுந்து ஈவிஎம் நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும், அனுப்பின டேட்டா கையில இருந்தா அத வச்சே கணக்கு போடுங்க.

கோணலலை:
செட்டிங்க ஆர்எம்எஸ்க்கு மாத்தினேன், அனலைசரும் 4.2! அட்டென்யுவேஷன் குறைச்சதும் லோ பவர்லயும் அதே 4.2 தான் நிக்குது, அதுக்கு கீழ இறங்கல. வெளிப்புள்ளி எல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு தேஞ்சிருக்கு, உள்ள இருக்கறது ஓகே.

பழையஆன்டெனா:
பவர் மாத்தியும் வளைவு போகலன்னா கம்ப்ரெஷன் (ஆம்ப் ஜாஸ்தி பவர்ல திணறி வெளிப்புள்ளிகள அமுக்கறது) இல்ல, ஃபேஸ் நாய்ஸ் (ஃபேஸ் நடுங்கி புள்ளிகள் நடுவ சுத்தி அலையறது). எல்ஓவ (ஃப்ரீக்வென்சி மாத்தறதுக்கான லோக்கல் ஆஸிலேட்டர்) கழட்டிட்டு அதுக்கு பதிலா ஒரு நல்ல சிக்னல் ஜெனரேட்டர்ல இருந்து குடுத்து பாருங்க.