தம்பிக்கு யாருடைய ஸ்டெம் செல்?

என் தம்பிக்கு ஏ.எம்.எல். வகை இரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியது, ஆனாலும் எஃப்.எல்.டி.3 மரபணுவில் மாற்றம் இருந்ததால் திரும்பி வர வாய்ப்பு அதிகம், ஸ்டெம் செல் (இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்) மாற்றுவதுதான் நல்லது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உடனே கொக்குவில் வீட்டில் ஆளாளுக்கு இரத்த வகை சொல்லத் தொடங்கினார்கள், சித்தப்பா "எனக்கும் ஓ பொசிட்டிவ்தானே, என்னுடையதை எடுக்கட்டும்" என்று நின்றார். இரத்த வகை வேறாக இருந்தாலும் செய்யலாம். முதலில் பார்ப்பது எச்.எல்.ஏ., தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடம்பு அடையாளம் காண உதவும், ஆறாவது குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள். அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி வருவதால் கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 வீதம்தான்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கும் எனக்கும் தம்பியோடு எச்.எல்.ஏ. 10க்கு 10 பொருந்தியது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன், நான்தான் கொடுப்பேன் என்று இருந்தேன். டொக்டர் அண்ணாவை வரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் அவர் ஆறுதலாக இருந்து விளக்கினார்: எச்.எல்.ஏ. ஒத்துப்போனாலும் மற்ற மரபணுக்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, ஆணின் ஒய் குரோமோசோமால் வரும் புரதங்கள் பெண்ணின் செல்களுக்கு அந்நியம், அதிலும் நான் இரண்டு ஆண் பிள்ளைகளைச் சுமந்தவள் என்பதால் என் எதிர்ப்புச் செல்கள் அவற்றை ஏற்கெனவே கண்டு வைத்திருக்கலாம், தம்பியின் உடம்புக்குள் போய்த் தோல், வாய், ஈரல் என்று தாக்கும் ஆபத்து கூடுதல். ஜி.வி.எச்.டி. என்கிறார்களே, அதுதான். ஆனால் மிச்சம் கிடக்கும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதும் அதே எதிர்ப்புத்தான், அதனால் அது அறவே இல்லாமல் போவதும் நல்லதில்லையாம்.

அண்ணாவின் செல்கள் பிடித்துக்கொண்டன. தோல் சிவந்து தடித்தது, ஸ்டெரொய்டில் அடங்கியது. தம்பியின் இரத்த வகையே இப்போது அண்ணாவுடையது!

ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பொருந்தினால், ஏன் இவரை எடுக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அப்பா அம்மா சொந்த மச்சான் மச்சாள் என்றால் மாமா, சித்தப்பா பிள்ளைகளையும் பார்க்கலாமா என்று கேளுங்கள், நம் பக்கம் அப்படிக் கலியாணங்கள் கனக்க உண்டுதானே.

—

சாவகச்சேரியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. என் மகளுக்கு முழுதாகப் பொருந்த ஒருவரும் இல்லை, தகப்பன் நான் பாதிப் பொருத்தத்தில் கொடுத்தேன். மாற்றிய பிறகு சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தை ஏற்றியதால் ஜி.வி.எச்.டி. பெரிதாக வரவில்லை. ஆனால் நோய் திரும்பிவிட்டது. புற்றுநோய்ச் செல்லை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, தாயிடமிருந்து வந்த எச்.எல்.ஏ. பாதியை அது தொலைத்துவிட்டிருந்தது. என் செல்கள் அந்நியம் என்று பிடித்ததே அந்தப் பாதியைத்தான், அது இல்லாதபோது என் செல்லுக்கு நோயை அடையாளமே தெரியாது. என்னிடமிருந்து மறுபடி எடுத்து ஏற்றிப் பயனில்லை என்றார்கள். அவளுடைய அம்மாவின் செல்லுக்கு என் பக்கத்துப் பாதி அந்நியம், அது இன்னும் அந்த நோய்ச் செல்லில் இருக்கிறது, அதனால் இந்த முறை அம்மாவிடம் எடுக்கப் போகிறார்கள். பாதிப் பொருத்தத்தில் செய்து நோய் திரும்பிய யாராவது இருந்தால், அதே ஆளின் செல்லை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.