ஓய்வுக்குக் கோவைதானா? முதலில் அந்தத் தண்ணீர்க் கதைக்கு வாருங்கள்

சாரல்பிரியன்:
நேற்று பேரூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஓய்வு பெற்றவர்களுக்குக் கோவையை விட்டால் வேறு ஊர் கிடையாது, சிறுவாணித் தண்ணீர் ஒன்று போதும்" என்கிறார். நான் கோவை சரவணம்பட்டியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தவன். பத்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. அறுபத்து மூன்று வயதில் குழாயடியில் குத்துக்காலிட்டு, குடம் நிரம்பும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பேன். இதுவா ஓய்வு? தென்காசிக்கே திரும்பிவிட்டேன்.

பேரூர்வாசி:
அண்ணாச்சி, நீங்கள் குடித்தது சிறுவாணியே இல்லீங்க. அது பில்லூர் அணையிலிருந்து வரும் பவானி ஆற்றுத் தண்ணீர். சரவணம்பட்டி மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-ல்தான். குடிக்காத தண்ணீரைப் பற்றி ஆறு வருட அனுபவம் பேசுகிறீர்கள்.

சாரல்பிரியன்:
அப்படியானால் "கோவைக்கு வாருங்கள், சிறுவாணி குடியுங்கள்" என்று எழுதும்போதே "மேற்குப் பக்கம் வீடு கிடைத்தால்" என்று ஏன் சேர்க்கவில்லை? இன்னொன்று, சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஏறத்தாழ 50 அடி வரை தேக்கக்கூடிய அணையில் 45 அடிக்கு மேல் தேக்கக் கேரளம் தயங்குகிறது. எங்கள் தாமிரபரணி தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேர்கிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

பேரூர்வாசி:
1973-லேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. 99 வருடத்துக்கு, வருடம் 1.3 டிஎம்சி, அதாவது 130 கோடி கன அடி. என் பேரன் காலத்துக்கும் வரும். செம்பில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் ஒரு துளி வண்டல் இருக்காது. பருப்பு குழைய வேகும். மகன் வீட்டுக்குச் சென்னை போனால் ரெண்டாம் நாளே அந்த ருசி தேடும். இதெல்லாம் குடித்தவனுக்குத்தான் தெரியும். நீங்கள் குடித்தது பில்லூர்.

குடந்தைக்காரி:
ஓய்வு யாருக்கு என்று யாராவது கேட்டீர்களா? தனியாக இருப்பவருக்கா, மகன் மகள் பக்கத்தில் இருப்பவருக்கா? என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர். அவர் கையைப் பிடித்துக்கொண்டே போன அந்த ஒரு மணி நேரத்தை மறக்க முடியவில்லை. தண்ணீரைக் கேன் வாங்கிக்கூடக் குடிக்கலாம்.

பேரூர்வாசி:
அம்மா, கோவையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஆனால் சிறுவாணியையும் கேன் தண்ணீரையும் ஒரே தட்டில் வைக்காதீங்க.

கணக்கர்67:
24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் என்று 2018-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்களே. தண்ணீர் தாராளமாக வந்திருந்தால் அது எதற்கு?

பேரூர்வாசி:
போன மாதம் தாம்பரம் வீட்டு விலை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பாதியில் நுழைந்து என் கணக்கைத் தப்பு என்றீர்கள். நான் மறக்கவில்லை. குழாய் போடுவது வேறு, தண்ணீரின் தரம் வேறு.

கணக்கர்67:
அன்றும் உங்கள் கணக்கு தப்புதான். பதிவுக் கட்டணத்தைச் சேர்க்காமல் வீட்டு விலை சொன்னீர்கள்.

பேரூர்வாசி:
சேர்த்தேன். திரும்பப் படியுங்கள்.

சாரல்பிரியன்:
பேச்சை மாற்றாதீர்கள். இன்னொரு விஷயம், "அண்ணாச்சி" என்பது எங்கள் ஊரில் மரியாதைச் சொல். கிண்டலுக்கு எடுக்காதீர்கள். தென்காசியில் ஆனி, ஆடி மாதம் கோபுர வாசலில் நின்று பாருங்கள். காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் முகத்தில் சாரல் படும். மாத்திரை இல்லாமல் தூக்கம் வருகிறது எனக்கு. கோவையில் ஆறு வருடம் வராத தூக்கம்.

பேரூர்வாசி:
மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். சாரல் மூன்று மாசம். சித்திரையில் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே வருடம் முழுக்க மேற்கே மலை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சரி, நேராகச் சொல்லுங்கள்: சரவணம்பட்டிக்கு வந்தது சிறுவாணியா, பில்லூரா?

சாரல்பிரியன்:
எதுவாக இருந்தால் என்ன? பத்து நாளுக்கு ஒரு முறைதானே வந்தது?

பேரூர்வாசி:
ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாங்க. ஒரு செம்பு தருகிறேன். குடித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

சாரல்பிரியன்:
தண்ணீர் வரும் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன்.

குடந்தைக்காரி:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பேரூர்வாசி:
எந்த நாள் வந்தாலும் எங்களுக்கு வருவது சிறுவாணி. உங்களுக்கு வந்தது பில்லூர்.